மைக்கில் ரெண்டு தட்டு

ஆனையூர், மதுரை
சனிக்கிழமை காலை

அன்பு மகன் பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. நீயும் அஸ்வினியும், அவள் வயிற்றில் ஏழு மாதமாய் இருக்கிற பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க மீனாட்சி துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பாதிதான் நிஜம், மீதியைச் சொல்லத்தான் இத்தனை தாள். போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நீ பேசினால் நான் அழுவேன், ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால் ரெண்டு பேர் பேச்சும் போய்ச் சேராது என்பது முப்பத்தைந்து வருஷம் போலீஸ் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நான் படித்த பாடம். கருப்பு சித்தப்பா மகன் செவ்வாய்க்கிழமை உங்கள் பெர்த் நகரத்துக்குப் படிக்கக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கூடவே கைமுறுக்கு ஒரு டப்பா இருக்கும், அங்கே ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீ சொன்ன சாமான் எதையும் வைக்கவில்லை. போன மாதம் நான் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பயப்படாதே, ஜோதிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குத்தான் ஆபத்து. உன் தங்கச்சிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், சின்ன மெமோ இல்லை, வேலையே போனாலும் போகும் என்கிற ரகம். நாளை மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அது மெமோவால் இல்லை, நான் செய்த ஒரு காரியத்தால். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் வியாழக்கிழமை நடந்தது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டதில் வைகை ரெண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. அப்பாவின் கொடிக்காலில் தண்ணீர் நின்று வெற்றிலைக் கொடி வேர் அழுகுவதை அவர் உன்னிடம் சொல்லியிருப்பார், அதைத்தான் சொல்வார். சோழவந்தானுக்கு மேற்கே ஒரு தரைப்பாலம், பேர் வேண்டாம், அங்கே ஜோதிக்குக் காவல் டூட்டி. இந்தக் கரையில் இவள், அந்தக் கரையில் மலைச்சாமி என்று ஒரு ஏட்டு, ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்கிறது அவருக்கு. பதினோரு மணிக்குக் கண்ட்ரோலிலிருந்து மைக்கில் உத்தரவு வந்திருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, பாலத்தை மூடு, ஒரு ஆளையும் விடாதே என்று. மைக் என்று நாங்கள் சொல்வது வயர்லெஸ்ஸை, உனக்குத் தெரியும், அஸ்வினிக்கு வாசித்துக் காட்டுவாய் என்று எழுதுகிறேன். ஜோதி உத்தரவைக் கேட்டாள், உடனே கயிற்றைக் குறுக்கே இழுத்து மூடியும் விட்டாள். தாண்டியே தீருவேன் என்று ஒரு டிராக்டர்காரன் மல்லுக்கு நிற்கிறான், பின்னால் இருபது பேர் அவனுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள், ஒரு கையில் கயிறு. பேச நேரமில்லை. இன்னொரு கையால் தோளில் இருந்த செட்டின் பட்டனை ரெண்டு தட்டு தட்டினாள். டக், டக். கேட்டுவிட்டேன், செய்கிறேன் என்று அர்த்தம்.

இந்த ரெண்டு தட்டு எந்தப் புத்தகத்திலும் கிடையாது, டிரெய்னிங்கிலும் கிடையாது. பழைய செட்டில் பட்டனை அமுக்கின உடனே காற்றில் வழி திறந்துவிடும், பேசாவிட்டாலும் எதிர்ப்பக்கம் இரைச்சல் டக்கென்று அறுந்து கேட்கும். அதை வைத்துக்கொண்டு நாங்களாகப் பழகினது. ஆனால் ஜோதி ஸ்டேஷனுக்குப் புது டிஜிட்டல் செட் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் பட்டனை அமுக்கிப் பிடிக்கணும், ஒரு சின்ன பீப் வரும், அதற்கப்புறம்தான் வழி திறக்கும். பீப் வருவதற்குள் விரலை எடுத்தால் ஒன்றும் போகாது, எதிரே இருக்கிறவர் காதில் பூச்சி பறந்த சத்தம்கூட விழாது. அரை நாள் வகுப்பு வைத்துச் சொல்லித்தான் கொடுத்தார்கள், இவளுக்கும் தெரியும். தெரிந்தது மண்டைக்குத்தான், விரலுக்குத் தெரியவில்லை.

கண்ட்ரோலில் அன்று இம்மானுவேல், சின்ன வயசு, நான் ரிட்டயர் ஆன வருஷம் வந்து சேர்ந்தவன். பதில் இல்லையே என்று மறுபடியும் கூப்பிட்டிருக்கிறான். இவள் மறுபடியும் ரெண்டு தட்டு. மறுபடியும் கூப்பிட்டான். எத்தனை தடவைடா சொல்றது என்று இவள் மனசுக்குள் வைதுகொண்டே தட்டியிருக்கிறாள். நாலு தடவை தட்டினாளாம், அதற்கப்புறம் டிராக்டர்காரன் கயிற்றையே அவிழ்க்கப் போக, செட் பக்கமே கை போகவில்லை. இம்மானுவேல் மொத்தம் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறான், புது மிஷினில் எல்லாம் பதிவாகிறது. கடைசியில் அவன் பயந்துபோய் எதிர்க்கரை மலைச்சாமியிடம், அந்தப் பொண்ணு பேச மாட்டேங்குதுண்ணே, என்னாச்சுன்னு பாருங்க என்று சொல்லியிருக்கிறான். மழையில் எதிர்க்கரை தெரியாது. பிள்ளையைத் தண்ணி இழுத்துருச்சு என்று நினைத்து அந்த மனுஷன் முழங்கால் தண்ணீரில் பாலத்தில் இறங்கி நடந்துவிட்டார். பாதி வந்ததும் இவள் நிற்பது தெரிந்திருக்கிறது, நிம்மதியில் கையைத் தூக்கினாராம். அந்த நொடியில் கால் வாரிவிட்டது.

இருநூறு அடி தள்ளி ஒரு கருவேல மரத்தில் சிக்கினார். தீயணைப்பு ஆட்கள் வந்து கயிறு போட்டு எடுக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் உன் தங்கச்சி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கால் எலும்பு ரெண்டாகப் போச்சு, விலாவில் மூன்று முறிவு, உயிர் பிழைத்தார். கரையில் போட்டதும் அவர் ஜோதியைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, பேட்டரி போயிருச்சாம்மா என்பதுதான். தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை என்கிறாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். பேட்டரி என்ற அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். செட்டைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுத வேண்டிய டெக்னிக்கல் ஆள் ஒருவர் எனக்குக் கீழே வேலை கற்றவர். அவர் வீட்டுக்கே போய், பேட்டரி இறங்கிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுப்பா என்று கேட்டேன். அக்கா கேட்டா செய்யாம இருப்பேனா என்றார். புளகாங்கிதத்தோடு வந்து ஜோதியிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு, நீயும் இதே உடுப்பைத்தானம்மா போட்ட, பொய் எழுதுறதுக்கா போட்ட என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். அவளுக்குத் தெரியாமலே என் புண்ணில் சரியாகக் கையை வைத்துவிட்டாள் தம்பி.

உனக்கு ஆறு வயசு இருக்கும்போது நடந்தது இது, உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அப்போது எங்கள் மேஜை மேல் இருந்த செட் ஒரு இரும்புப் பெட்டி, மின்விசிறிச் சத்தமும் இரைச்சலும் சேர்ந்து சாயந்தரம் வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே போகிறவர்கள் கையில் வாக்கி-டாக்கி, செங்கல் கனம், பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் சாமி புண்ணியம். பழசு நல்லது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அந்தச் செட்டைச் சுமந்து தோள்பட்டை போனவர்களை எனக்குத் தெரியும். யார் பேசுகிறார்கள் என்று அதில் நம்பர் எல்லாம் வராது, குரலை வைத்துத்தான் தெரியணும். குரல் என்றதும் இன்னொன்று. மைக்கில் பெண் குரல் கேட்டால் போதும், எங்கிருந்தாவது ஒருவன் செருமுவான், ஒருவன் பாட்டை விசிலடிப்பான், யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் நானும் என்னோடு சேர்ந்த பெண்களும் வாயைத் திறப்பதைக் குறைத்தோம். முடிந்த இடத்தில் எல்லாம் ரெண்டு தட்டு. ஜோதி வேலைக்குச் சேர்ந்த அன்று நான் சொன்ன புத்திமதியே அதுதான், வளவளன்னு பேசாத, ரெண்டு தட்டு போதும், ஒரு பயலும் வம்புக்கு வரமாட்டான் என்றேன். கவசம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தது அது.

அந்த வருஷம் மேற்கே ரெண்டு ஊருக்குள் பஸ் மேல் கல்லெறி நடந்து, மூன்று இடத்தில் காவல் போட்டிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் சுருளி என்று ஒரு காவலர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன், ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். சாயந்தரம் நாலு இருபதுக்கு, மூன்று பேரும் இடத்தைக் காலி செய்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பணும் என்று உத்தரவு. நான் மைக்கில் சொன்னேன். முதல் இடத்துக்காரர் வாய் திறந்து சரி என்றார், ரெண்டாவதும் சரி என்றார். மூன்றாவதற்கு டக், டக் என்று வந்தது. மூன்றும் கிடைத்தது என்று பதிவேட்டில் நேரம் போட்டு எழுதினேன். ஒரு வாரம் கழித்து ரெண்டாவது இடத்து ஜீப் டிரைவர் டீ குடித்துக்கொண்டே, அன்னைக்குச் சரின்னு சொன்னப்புறம் நான் சும்மா ரெண்டு தட்டும் தட்டுனேன்கா என்றான். மூன்றாவது இடத்துக்கு நான் எழுதினது அவன் தட்டு. சுருளி அண்ணனுக்கு அந்த உத்தரவு போகவே இல்லை. தனி ஆளாய் நின்றிருக்கிறார், கல் விழுந்து இடது கண் போய்விட்டது. தட்டுக்குப் பேர் கிடையாது தம்பி. யார் தட்டினார்கள் என்று அது சொல்லாது.

விசாரணையில் சுருளி அண்ணன், எனக்கு யாரும் சொல்லவே இல்லை என்றார். பதிவேட்டில் கிடைத்தது என்று இருக்கிறது. எங்கள் காலத்தில் பதிவேட்டில் எழுதினதுதான் நிஜம், அதை எழுதுகிறவள் நான். பேட்டரி பலவீனம், உத்தரவு சரியாகக் கேட்காமலே தட்டியிருப்பார் என்று முடித்தார்கள். பேட்டரியைச் சரி பார்க்காமல் போனது அவர் தப்பு என்று ஒரு வருஷ இன்கிரிமென்ட்டையும் நிறுத்தினார்கள். டிரைவர் சொன்னது எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நீ சின்னப் பிள்ளை, ஜோதி கைக்குழந்தை, அப்பாவுக்குக் கொடிக்காலில் நஷ்டம், இப்படி எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லியாச்சு, ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம் சின்ன செட் வந்தது, செல்போன் வந்தது, அதிகாரிகள் மைக்கை விட்டுவிட்டு போனில் உத்தரவு போட்டார்கள், பிறகு வாட்ஸ்அப் குரூப் வந்தது, ஒவ்வொன்று வரும்போதும் அந்தப் பதிவேடு இன்னும் கொஞ்சம் ஆழத்தில் போய்விட்டது என்று மூச்சு விட்டேன். இதை இதுவரை எழுதிவிட்டேன். இன்று மத்தியானம் ஜோதியிடம் சொல்லப் போகிறேன்.

ஞாயிறு மாலை

சொல்லிவிட்டேன். அடுப்படியில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள், திரும்பவில்லை. அவரு இப்ப எங்கம்மா இருக்காரு என்றாள். வில்லாபுரத்தில் என்றேன். இன்று காலை சாப்பிட்டு முடித்ததும் ஸ்கூட்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, ஏறு என்றாள். தெற்குவாசல் பாலத்தில் நெரிசலில் நின்றபோது இறங்கித் திரும்பி நடந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது, நிஜமாகத் தோன்றியது.

சுருளி அண்ணன் வீட்டில் இருந்தார், பேத்தி பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வாம்மா ஜெயக்கொடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். டிரைவர் சொன்னது வரைக்கும் சொன்னேன். அவர் ஷூவைக் கீழே வைத்தார். இம்புட்டு வருசமா நான் அந்தப் பேட்டரியவே ஏசிக்கிட்டு இருந்தேனேம்மா என்றார். கத்துவார், வெளியே போ என்பார், அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. அன்னைக்கு என்னைய ரெண்டாவது தரம் கூப்பிட்டியா என்று கேட்டார்.

இல்லைண்ணே என்றேன். வேறு என்ன சொல்ல. ஒரு தடவைதான் கூப்பிட்டேன், தட்டு கேட்டது, நேரம் எழுதினேன், டீ குடிக்கப் போனேன். அவர் ஷூவை எடுத்து மறுபடியும் பாலிஷ் போட ஆரம்பித்துவிட்டார். மன்னிச்சேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் சம்சாரம் கொண்டுவந்த காபி ஆறிப்போச்சு. வாசலில் நின்ற ஜோதி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், வரும் வழியில் என் கையை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிடிச்சுக்கம்மா, ரோடு சரியில்ல என்றாள். இந்த நாலைந்து நாளில் அவள் என்னிடம் கனிவாகப் பேசின முதல் பேச்சு அது.

திங்கள், மாலை 5.40

விசாரணை முடிந்தது. டெக்னிக்கல் ஆளிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன், உள்ளதை எழுது என்று. ஜோதி உள்ளே போனாள், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் அவள் குரல் எனக்குக் கேட்டது. செட் நல்லா இருந்துச்சு மேடம், பேட்டரி நல்லா இருந்துச்சு, உத்தரவு எனக்குக் கேட்டுச்சு, நான் நாலு தடவை தட்டுனேன், ஒரு தடவைகூட வாயைத் திறக்கல என்றாள். செருமலும் இல்லை, விசிலும் இல்லை, உள்ளே ஒரு ஃபேன் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் என்னையும் கூப்பிட்டார்கள். தட்டச் சொல்லிக்கொடுத்தது நான் என்றும், சுருளி அண்ணன் விஷயத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரித்த அதிகாரி அம்மா ரெண்டு தடவை வாசித்தார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்மேல் நடவடிக்கை வருமா என்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜோதிக்கு முடிவு தெரிய ஒரு மாதம் ஆகும். வேலை போகலாம், இன்கிரிமென்ட்டோடும் முடியலாம், எனக்குத் தெரியாது, சும்மா உன்னைத் தேற்றுவதற்காக எதுவும் எழுத மாட்டேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மலைச்சாமியிடமும் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேட்டரின்னே இருந்திருக்கலாம்லம்மா என்றாராம். படியில் இறங்கும்போதுதான் அழுதாள். இந்த ஒரு வாரத்தில் அவள் அழுது இப்போதுதான் பார்த்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இம்மானுவேலை நினைத்துக்கொண்டே இருக்கிறேன் பிரகாஷ். பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறான். புது மிஷின் வந்ததால் அவன் நல்லவன் ஆகிவிடவில்லை, மிஷின் பேசாமல்தான் இருந்தது, அவன்தான் அதை நம்பவில்லை. என் காதில் ஒரு தட்டு விழுந்தது, நான் நம்பிவிட்டேன், ஏனென்றால் நம்பினால் வேலை முடிந்தது.

இனி உன் விஷயம். அஸ்வினியைப் படி ஏறி இறங்காமல் பார்த்துக்கொள், இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே. நீ ராத்திரி ஷிப்ட் போகும் நாளில் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி வை. போன மாதம் நான் கேட்டேன், பிரசவத்துக்கு அம்மா வரட்டுமா, இல்லை அஸ்வினியின் அம்மா வருகிறார்களா என்று. நீ கட்டைவிரல் அனுப்பினாய். அதை நான் தினம் எடுத்துப் பார்க்கிறேன். வா என்று அர்த்தமா, பார்த்துவிட்டேன் என்று அர்த்தமா, வேலை நேரத்தில் தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தமா. அதை அமுக்கினது நீதானா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். வர வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம்தான், ஆனால் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் அண்டாமல் இருக்கணும், பிள்ளை நல்லபடியாகப் பிறந்து குரல் கொடுத்து அழணும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு போன் பண்ணி, வா என்றோ வேண்டாம் என்றோ வாய் திறந்து சொல். சொல்லாவிட்டால் நான் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுவேன். பதினோரு தடவையானாலும் கூப்பிடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெயக்கொடி